தோட்டத்தில் கொட்டும் புளிப்பு ஆப்பிளை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: லண்டனுக்கு வடமேற்கே ஹாரோ பக்கம் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். பின்தோட்டத்தில் பெரிய ஆப்பிள் மரம். செப்டம்பர் பிறந்ததிலிருந்து பழம் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத அளவு, பச்சை, கடித்தால் பல் கூசுகிறது. குழந்தைகள் தொடுவதே இல்லை. எப்போது பறிப்பது, இவ்வளவையும் என்ன செய்வது, பேசாமல் மரத்தை வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். உங்கள் மரத்துக்குக் கவுன்சிலின் பாதுகாப்பு ஆணை இருந்தாலோ, உங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வந்தாலோ, கேட்காமல் வெட்டினால் அபராதம் வரும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது அநேகமாகப் பிராம்லி. பெரிதாக, சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, வெயில் பட்ட இடத்தில் மட்டும் லேசாகச் சிவந்திருந்தால் ஏறக்குறைய உறுதி. அது பச்சையாகக் கடித்துத் தின்பதற்கான ஆப்பிளே இல்லை, சமைப்பதற்கானது. ஆங்கிலேயர்களும் அதைக் கடிப்பதில்லை.

சந்தேகம் இருந்தால் ஒன்றை நறுக்கி, இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் வையுங்கள். பத்து நிமிடத்தில் துண்டுகள் கரைந்து நுரைத்த கூழாகிவிட்டால் சமையல் ஆப்பிள். துண்டு துண்டாகவே நின்றால் அது தாமதமாகப் பழுக்கும் சாப்பாட்டு ஆப்பிளாக இருக்கலாம். அப்படியானால் புளிப்புக்குக் காரணம் இன்னும் முற்றாததுதான், பொறுத்திருந்து பாருங்கள். சரியான பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அக்டோபர் 21-ஐ ஒட்டி ஊர் ஊராக 'ஆப்பிள் தினம்' நடக்கும். 1990-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் தொடங்கிய வழக்கம் அது. இரண்டு மூன்று பழத்தை எடுத்துக்கொண்டு போனால், பல இடங்களில் பார்த்துப் பெயர் சொல்ல ஆள் உட்கார்ந்திருப்பார்கள்.

பிராம்லிக்கு ஒரு கதை உண்டு. நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சிற்றூரில், 1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. அந்த வீட்டை 1846-ல் மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்காரர் வாங்கினார். 1856-ல் ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் ஒட்டுக்குச்சி கேட்டபோது, என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள் என்றாராம். இன்று இந்த நாட்டில் இருக்கும் ஒவ்வொரு பிராம்லி மரமும் அந்த ஒரே மரத்தின் ஒட்டு வழி வந்தது. விதை ஊன்றிய பெண்ணின் பெயர் பழத்தில் இல்லை.

சரி, பறிப்பு. தெற்கு இங்கிலாந்தில் பிராம்லியைச் சேமித்து வைக்கப் பறிக்கும் காலம் அக்டோபர் முதல் பாதியிலிருந்து. உடனே சமைப்பதற்கு என்றால் இப்போதே பறிக்கலாம், தவறில்லை. முற்றியதா என்று பார்க்க மூன்று வழி போதும். நல்ல பழம், புழு இல்லாதது, காற்றில்லாத நாளில் தானாக உதிர ஆரம்பிக்க வேண்டும். நறுக்கினால் விதை வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கைக்குத் தெரிகிற சோதனை: பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருப்புங்கள். காம்போடு கழன்று வந்தால் தயார். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள். கீழ்நோக்கி இழுத்துப் பிடுங்கக் கூடாது. காம்பு ஒட்டியிருக்கும் அந்தக் குட்டையான முடிச்சில்தான் அடுத்த வருஷத்துப் பூமொட்டு இருக்கிறது. பிடுங்கினால் அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

ஒரே நாளில் மரத்தை மொட்டையடிக்கப் பார்க்காதீர்கள். வெளிக்கிளையில், வெயில் படும் தெற்குப் பக்கம் இருப்பவை முதலில் முற்றும். உள்ளே நிழலில் இருப்பவை பின்னால். இரண்டு மூன்று தவணையாகப் பறித்தால் உங்களுக்கும் நல்லது, பழத்துக்கும் நல்லது. மழை நின்று இலை காய்ந்தபிறகு பறியுங்கள். ஏணியைப் புல்தரையில் நிறுத்துகிறீர்கள் என்றால் ஒருவர் கீழே பிடித்துக்கொண்டே இருக்கட்டும். அதைவிட, நீண்ட கழியின் நுனியில் துணிப்பையும் பல்லும் வைத்த பறிகோல் தோட்டக் கடைகளில் கிடைக்கும். அதை ஒன்று வாங்கிவிடுங்கள். நம் ஊர் மாந்தோப்பில் வலை கட்டிய தொரட்டி வைத்துப் பறிப்பார்களே, அதேதான். மரத்தை உலுக்குவது மட்டும் வேண்டாம். விழுந்த பழம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அடி வாங்கியிருக்கும், இரண்டு வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வளர்ந்த பெரிய மரம் நல்ல வருஷத்தில் நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இதை ஒரே குவியலாகப் பார்ப்பதால்தான் மலைப்பு வருகிறது. பறித்த அன்றே, உட்காருவதற்கு முன்பே, பிரித்துவிடுங்கள். காம்போடு, கீறல் இல்லாமல், அடி படாமல் இருப்பது சேமிப்புக்கு. அடிபட்டது, புழு துளைத்தது, காம்பு பிய்ந்தது இந்த வாரச் சமையலுக்கு. அழுகியது வெளியே. நடுவில் 'இது பரவாயில்லையோ' என்று தோன்றுவதெல்லாம் சமையல் பக்கம்தான் போக வேண்டும். சேமிப்புப் பெட்டிக்குள் இரக்கம் காட்டினால் நல்ல பழம் பத்துக்குச் சேதம் வரும். அழுகும் ஆப்பிள் எத்திலீன் வாயுவைக் கூடுதலாக விடும், அது பக்கத்துப் பழத்தைச் சீக்கிரம் கனிய வைக்கும். பூஞ்சையும் தொட்ட இடத்தில் தாவும்.

தரையில் உதிர்ந்தவை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று விழுந்தது, அடி மட்டும் பட்டது என்றால் தாராளமாக எடுக்கலாம். நன்றாகக் கழுவி, அடிபட்டுக் கன்றிய இடத்தை வெட்டிவிட்டுச் சமையுங்கள். நாயோ நரியோ அசுத்தம் செய்திருக்கும் இடத்தில் கிடந்ததைப் பச்சையாகச் சாப்பிடவோ ஜூஸ் பிழியவோ வேண்டாம் (லண்டன் புறநகரில் நரி வராத தோட்டம் ஏது?). பூஞ்சை பிடித்த பழத்தை 'அந்த இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு' ஜூஸில் சேர்க்கும் பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. செய்யாதீர்கள். நீலப்பூஞ்சை பிடித்த ஆப்பிளில் பாட்டுலின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அது சதைக்குள் பரவும், கொதிக்க வைத்தாலும் முழுக்கப் போகாது. வட்டம் வட்டமாக வெளிர் புள்ளிகளோடு பழுப்பாக அழுகியிருப்பது வேறு பூஞ்சை. அதையும் மரத்திலோ தரையிலோ விட்டுவைத்தால் அடுத்த வருஷம் திரும்பும்.

மற்றபடி தோலில் கரும்புள்ளி, சொரசொரப்பான திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். அது சொறிநோய், தோலைச் சீவினால் போயிற்று. தோலுக்கு அடியில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள், கொஞ்சம் கசப்பு இருந்தால் சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போதாமல் போனதால் வருவது. மழை குறைந்த கோடையில் பிராம்லிக்கு அடிக்கடி வரும். சாப்பிடலாம், ஆனால் அப்படிப்பட்டதைச் சேமிக்க வேண்டாம்.

சேமிப்பு எளிது. 3 முதல் 7 டிகிரி செல்சியஸ், இருட்டு, கொஞ்சம் ஈரப்பதம், காற்றோட்டம், எலி வராத இடம். ஷெட் அல்லது கராஜ் சரியாக இருக்கும். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரத்திலேயே சுருங்கிவிடும். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல், ஒரே அடுக்காகத் தட்டில் வையுங்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் பழம் வந்த அட்டைத் தட்டுகள் கேட்டால் கொடுப்பார்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், பெயின்ட் டப்பா இவற்றுக்கு அருகே வேண்டாம், வாசனை ஏறிவிடும். வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்துக் கெட்டதை எடுத்துப் போட்டால் மார்ச் வரை தாக்குப்பிடிக்கும். நாள் ஆக ஆகத் தோல் மஞ்சளாகி எண்ணெய் தடவியது போல் பிசுக்காகும். கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள்; அது பழத்தின் இயற்கையான மெழுகு. அந்த நேரத்தில் புளிப்பும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இனிச் சமையல். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஆப்பிள் என்றதும் மனது இனிப்புக்குப் போகிறது. ஒரு தடவை கிரம்பிள் (ஆப்பிள் மேல் மாவும் வெண்ணெயும் தூவிச் சுடும் இனிப்பு), ஒரு தடவை அல்வா; அப்புறம் மிச்சம் குப்பைக்கு. என் கருத்து: பிராம்லியைப் பழக்கூடையில் வைக்காதீர்கள். அதை மாங்காய்க்குப் பதிலாக நினைத்துச் சமையுங்கள். மாங்காய் போடும் எந்தக் குழம்பிலும் அது நிற்கும். இரண்டு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள்: மாங்காய் அளவுக்குப் புளிப்பு இல்லை, வெந்தால் வடிவம் நிற்காது.

முதலில் தொக்கு. கரைந்துபோவது இங்கே வசதி. ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவித் துருவிக்கொள்ளுங்கள். அகலமான கடாயில் 150 மில்லி நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள். துருவலைப் போட்டு உப்புச் சேர்த்து, முதலில் நல்ல தீயில் தண்ணீரை வற்ற விடுங்கள். மாங்காயைவிடத் தண்ணீர் அதிகம், அதனால் அவசரப்பட்டால் தொக்கு கூழாகவே நின்றுவிடும். பாதியாகச் சுண்டியபிறகு மிளகாய்த்தூள் மூன்று நான்கு மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் ஒரு தேக்கரண்டி. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை கிளறி, அடுப்பை அணைத்தபின் ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அந்த எலுமிச்சை இல்லாவிட்டால் ருசி மந்தமாக இருக்கும். கொதிநீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். வீட்டுத் தொக்கை அலமாரியில் வைத்து வருஷக்கணக்கில் சாப்பிடும் நம் ஊர்ப் பழக்கத்தை இதில் நம்ப வேண்டாம். இதில் புளிப்பும் உப்பும் அவ்வளவு இல்லை.

கல்யாண வீட்டு மாங்காய் ஊறுகாய் மாதிரி வேண்டுமென்றால் இன்னும் எளிது. தோலோடு பொடியாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் போட்டு, கடுகு தாளித்த சூடான நல்லெண்ணெயை ஊற்றிக் குலுக்குங்கள். வேக வைக்காததால் மொறுமொறுப்பு நிற்கும். நான்கைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். முடித்துவிடுவீர்கள்.

துவரம்பருப்போடு சேர்த்து வேக வைத்தால் மாங்காய்ப் பருப்பு போலவே வரும், புளி வேண்டாம். சாம்பாரில் துண்டாகத் தெரிய வேண்டுமானால் இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு போடுங்கள், அதற்கு மேல் கரைந்துவிடும். ரசத்தில் புளிக்கு பதில் இரண்டு கரண்டி வெந்த கூழ் கரைத்தால் நன்றாக இருக்கிறது, ஆனால் ரசம் தெளிவாக இருக்காது. அதைப் பொறுக்கமாட்டாதவர்கள் விட்டுவிடுங்கள். வெல்லமும் மிளகாயும் போட்ட பச்சடிக்கு இது மிகப் பொருத்தம். பிரீசரில் கொஞ்சம் வைத்தால் ஏப்ரலில் சித்திரை முதல் நாள் பச்சடிக்கே ஆகும். இங்கே அந்த நேரத்தில் கடையில் கிடைக்கும் மாங்காயின் விலை உங்களுக்குத் தெரியும்.

பிரீசரைப் பற்றிச் சொன்னேன். அடிபட்ட பழத்துக்கெல்லாம் அதுதான் போக்கிடம். தோலும் நடுத்தண்டும் நீக்கி, கிலோவுக்கு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு வேகவைத்து, சர்க்கரை போடாமல் ஆறவைத்து, அரைக்கிலோ அரைக்கிலோவாகத் தட்டைப் பையில் அடைத்துப் படுக்கவைத்து உறைய விடுங்கள். சர்க்கரை போடாதது முக்கியம்; அப்போதுதான் அதே பையை இனிப்புக்கும் எடுக்கலாம், பருப்புக்கும் எடுக்கலாம். வருஷம் முழுக்க இருக்கும். துண்டுகளாகவே வேண்டுமானால், நறுக்க நறுக்க உப்போ எலுமிச்சையோ கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. வடித்துத் துடைத்துத் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டால் ஒட்டிக்கொள்ளாது. மிக்ஸியில் அரைப்பவர்கள் விதையை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு முழுங்கினால் ஒன்றும் ஆகாது, ஆனால் கொத்தாக அரைத்தால் அதிலுள்ள பொருள் சயனைடை விடும், கசக்கவும் செய்யும்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஆங்கிலேய முறைச் சட்னி நல்லது. நம் சட்னியைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்து, வினிகரும் சர்க்கரையும் ஊற்றி வேறொன்றாக்கிவிட்டார்கள். ஆனாலும் அது உண்மையிலேயே நாள்பட நிற்கும் பண்டம். ஒன்றரைக் கிலோ ஆப்பிள், அரைக்கிலோ வெங்காயம், கால்கிலோ உலர்திராட்சை, அரைக்கிலோ பழுப்புச் சர்க்கரை, 600 மில்லி மால்ட் வினிகர் (5 சதவீத அமிலம் இருப்பது), இஞ்சி, வற்றல்மிளகாய், கடுகு, உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மூடாமல், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சிறு தீயில். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். வினிகர் அளவைக் குறைக்காதீர்கள், கெடாமல் காப்பது அதுதான். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், கண் எரியும். சூடான பாட்டிலில் சூடாகவே அடைத்து, ஒரு மாதமாவது திறக்காமல் வையுங்கள். புதிதாகச் சாப்பிட்டால் வினிகர் மட்டும்தான் தெரியும். அக்டோபரில் செய்தால் கிறிஸ்துமஸுக்குச் சரியாக வரும்.

சீவிய தோலையும் நடுத்தண்டையும் எறிய வேண்டாம், ஜெல்லியைக் கெட்டியாக்கும் பெக்டின் அதில்தான் அதிகம். தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, இரவு முழுக்கத் துணியில் வடியவிட்டு, லிட்டருக்கு 800 கிராம் சர்க்கரை சேர்த்து 105 டிகிரிவரை காய்ச்சினால் ஜெல்லி. துணியைப் பிழியாதீர்கள், கலங்கும். கிரம்பிளுக்கு மாவு 200, வெண்ணெய் 100, சர்க்கரை 100 கிராம், உதிரியாகப் பிசைந்து, நறுக்கிய ஆப்பிளின் மேலே தூவி, அவனில் 190 டிகிரியில் நாற்பது நிமிடம்; குழந்தைகளை இந்த மரத்தோடு சமாதானப்படுத்த அது ஒன்று போதும். அல்வாவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். புளிப்பை அடக்கப் போடும் சர்க்கரையில் ஆப்பிளே காணாமல் போய்விடுகிறது. ஜூஸுக்கு நொறுக்கியும் பிழிபொறியும் வேண்டும். அக்டோபரில் பல ஊர்களில் சமூகத் தோட்டக்காரர்கள் பிழிநாள் வைப்பார்கள், பழத்தைக் கொண்டுபோனால் போதும். பிராம்லியைத் தனியாகப் பிழிந்தால் குடிக்க முடியாது, பாதிக்குப் பாதி இனிப்பு ஆப்பிள் கலக்க வேண்டும்.

அப்படியும் மிஞ்சும். வாசலில் ஒரு பெட்டி நிறைய வைத்து, 'சமையல் ஆப்பிள், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு அட்டை எழுதி வைப்பது இந்த ஊர் வழக்கம். மாலைக்குள் காலியாகும், புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தில் பேச்சும் தொடங்கும். உச்சிக்கிளையில் எட்டாமல் நிற்பதை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் கரும்பறவைகளும், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் பறவைகளும் தின்னும். தரையில் அழுகிக் கிடப்பதை மட்டும் வாரிவிடுங்கள். குளவி மொய்க்கும், வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் புல்தரை அது. உரக்குழியில் போடுவதானால் ஒரேயடியாகக் கொட்டாமல், கிழித்த அட்டையோடு மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் சேறாகி நாறும்.

அடுத்த வருஷத்துக்கு இரண்டு விஷயம். கிளை வெட்டுவது இலை உதிர்ந்த நவம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை. காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை முதலில் எடுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே குளிர்காலத்தில் வெட்டினால் மரம் பழம் காய்க்காமல் வானத்தைப் பார்த்து நீள நீளமான தளிராக விடும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத மரமாக இருந்தால் மூன்று குளிர்காலமாகப் பிரித்துச் செய்யுங்கள். பழத்துக்குள்ளே புழு இருந்தால், அது அநேகமாகக் காட்லிங் அந்துப்பூச்சியின் புழு. மே மாதம், பெண்பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் பெரோமோன் பொறி ஒன்றை வாங்கித் தொங்கவிட்டால் ஆண்பூச்சிகள் அதில் மாட்டும், தாக்குதல் குறையும்.

இந்த வருஷம் கொட்டித் தீர்த்த மரம் அடுத்த வருஷம் கொஞ்சமாகவே காய்க்கக்கூடும், பிராம்லியின் குணம் அது. ஜூன் கடைசியில் மரம் தானாகவே ஒரு பகுதிப் பிஞ்சை உதிர்க்கும். அது முடிந்தபின் ஜூலையில் கொத்து கொத்தாக நிற்பதில் நடுப்பிஞ்சையும் கோணலானதையும் கிள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஒன்று என்று விடுங்கள். எல்லாக் கிளையும் எட்டாது, எட்டிய கிளையில் செய்தால் போதும். கிளை முறியாது, பழம் பெரிதாகும், மறுவருஷமும் காய்க்கும்.